டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவது எப்படி? பம்பைக் கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பர்மாவில் பெகுவுக்கு அருகிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. அவரிடம் இருப்பது ஜப்பானிலிருந்து பழையதாக வந்திறங்கிய மிட்சுபிஷி கேன்டர் லாரி. 4டி33 எஞ்சின், வலப்பக்க ஸ்டீயரிங். சில வாரங்களுக்கு முன் டீசல் பில்டரை மாற்றியிருக்கிறார். அதற்குப் பிறகு ஒருநாள் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு வரும் வழியில் டேங்க் வற்றி வண்டி நின்றுவிட்டது. சாலையோரக் கடையில் 20 லிட்டர் டீசல் வாங்கி ஊற்றி, பேட்டரி தீரும்வரை செல்ஃப் அடித்தும் எஞ்சின் பிடிக்கவில்லை. பிறகு யாரோ சொல்லிக் கொடுக்க, கைப்பம்பை அடித்து ஓட்டி வந்திருக்கிறார். அன்று முதல் ஒவ்வொரு நாள் காலையிலும் கைப்பம்பை அடித்தால்தான் எஞ்சின் பிடிக்கிறது. சுமையோடு பத்து நிமிடம் ஓடினால் திணறி நின்றுவிடுகிறது. ஊர்ப் பட்டறையில் பார்த்தவர், பம்பு போய்விட்டது, கழற்றி இரங்கூனுக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார். காற்றை முறையாக எடுப்பது எப்படி, பம்பு உண்மையிலேயே கெட்டுவிட்டதா என்று தம்பி கேட்கிறார்.

பம்பை இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், உங்கள் வண்டியில் இருப்பது ஒரு கோளாறு அன்று, இரண்டு. டேங்க் வற்றியதால் உள்ளே போன காற்று முதலாவது. அது ஒருமுறை வந்த விருந்தாளி, முறையாக வெளியேற்றினால் திரும்பி வராது. ஆனால் தினமும் காலையில் கைப்பம்பை அடிக்க வேண்டியிருக்கிறது என்றால், காற்று இன்னமும் எங்கிருந்தோ உள்ளே வந்துகொண்டே இருக்கிறது என்று பொருள். அந்த வழியை அடைக்காமல் எத்தனை முறை காற்றை எடுத்தாலும் மறுநாள் காலை அதே கதைதான். வேறு புதுப் பம்பை வாங்கி மாட்டினாலும் அதே கதைதான் என்பதைப் பட்டறைக்காரரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

காற்று ஏன் டீசல் எஞ்சினை இப்படி முடக்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை தாமாகவே புரியும். உங்கள் எஞ்சினில் பம்பின் ஒவ்வொரு பிளஞ்சரும், அதாவது டீசலைத் தள்ளும் தண்டும், ஒரு தடவைக்கு அனுப்பும் டீசல், முழுச் சுமையில்கூட, ஏறத்தாழ ஒரு கண்மருந்துத் துளி அளவுதான். அந்தத் துளியின் தள்ளலால் குழாயில் அழுத்தம் ஏறி, சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலின் ஸ்பிரிங்கை வென்று, டீசல் பனிபோலச் சிதற வேண்டும். இத்தகைய லாரிகளில் நாசில் திறப்பதற்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 150 முதல் 250 கிலோ வரை அழுத்தம் தேவை. டீசல் எளிதில் சுருங்காது. ஆகையால் தள்ளியவுடன் அழுத்தம் ஏறிவிடும். காற்றோ சுருங்கும். ஒரு துளி அளவு காற்றுக் குமிழி குழாயில் இருந்தால், அது இருநூறில் ஒரு பங்காகச் சுருங்கிய பிறகுதான் நாசில் திறக்கும் அழுத்தத்தைத் தொடும். அதற்குள் பிளஞ்சரின் ஓட்டம் முடிந்துவிடும். அது பின்வாங்கியதும் குமிழி மறுபடி விரிந்துகொள்ளும். செல்ஃப் சுற்றுகிறது, பம்பும் சுற்றுகிறது, குமிழி மட்டும் அங்கேயே கிடந்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. பிரேக்கில் காற்று பிடித்தால் பெடல் பஞ்சுபோல அமுங்குவதும் இதே காரணத்தால்தான். பெட்ரோல் வண்டிக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் கிடையாது. கார்புரேட்டரின் கிண்ணம் வெளிக்காற்றுக்குத் திறந்தே இருக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் டேங்குக்குள் இருக்கும் மின்பம்பே முன்னால் இருக்கும் காற்றைத் தள்ளிவிடும்.

இனி டீசல் வரும் பாதையைப் பாருங்கள். டேங்குக்குள் தொங்கும் உறிஞ்சு குழாய், சேஸிஸ் ஓரமாக வரும் பைப், ரப்பர் ஹோஸ், இருந்தால் தண்ணீர் பிரிக்கும் கிண்ணம், பிறகு நாசிலுக்கு டீசலை அனுப்பும் பெரிய பம்பின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறிய ஃபீட் பம்பு. இதுவரைக்கும் டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. ஃபீட் பம்புக்கு அப்பால் பில்டர், பெரிய பம்பு, நாசில் வரைக்கும் டீசல் தள்ளப்பட்டுப் போகிறது. இந்த இரண்டு பாதிகளும் நடந்துகொள்ளும் விதம் வேறு. தள்ளும் பாதியில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகும். கண்ணுக்குத் தெரியும், கைக்குப் பிசுபிசுக்கும். உறிஞ்சும் பாதியில் ஓட்டை இருந்தால் எஞ்சின் ஓடும்போது வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். ஒரு சொட்டுகூட வெளியே வராமல் போகலாம். "எங்கேயும் ஒழுகவில்லையே, பிறகு எப்படிக் காற்று வரும்?" என்று கேட்காத லாரிக்காரரை நான் பார்த்ததில்லை. ஒழுகாத இடத்தில்தான் தேட வேண்டும்.

முதலில் உள்ளே இருக்கும் காற்றை எடுத்துவிடுவோம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். உறிஞ்சு குழாயின் வாய் டேங்கின் அடியைத் தொடாமல் சற்று மேலேதான் இருக்கும். வண்டி சாய்ந்து நின்றால் 20 லிட்டர் இருந்தும் அதற்கு எட்டாமல் போகலாம். முடிந்தால் இன்னும் 20 லிட்டர் ஊற்றுங்கள். பேட்டரியைச் சார்ஜ் ஏற்றி வையுங்கள். எஞ்சினை நிறுத்தும் கம்பி அல்லது மோட்டார், பம்பின் லிவரை ஓடும் நிலைக்குத் திரும்ப விட்டிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். அரை நாள் காற்றெடுத்துக் களைத்த பிறகு அந்த லிவர் நிறுத்தும் நிலையில் சிக்கிக் கிடந்ததைக் கண்டுபிடித்த அனுபவம் எங்கள் தொழிலில் பலருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. பில்டர் தலை, பம்பின் திருகாணிகள், நாசில் நட்டுகள் எல்லாவற்றையும் டீசல் நனைத்த பிரஷ்ஷால் கழுவித் துடையுங்கள். திறக்கும் இடத்தில் ஒட்டியிருக்கும் மண்ணில் ஒரு துணுக்கு உள்ளே போனால் பம்பு நிஜமாகவே கெட்டுவிடும்.

ஃபீட் பம்பின் மேலிருக்கும் கைப்பம்பின் குமிழை இடப்பக்கம் திருகினால் அது மேலே எழும்பும். பில்டர் தலையின் மேலுள்ள காற்றுத் திருகாணியை இரண்டு சுற்றுத் தளர்த்தி, கீழே ஒரு பழைய துணியை வைத்துவிட்டுக் கைப்பம்பை மேலும் கீழுமாக நிதானமாக அடியுங்கள். வற்றிப்போன வண்டியில் முதல் முப்பது, நாற்பது அடிக்கு எதுவும் வராது. கை எந்த எதிர்ப்பையும் உணராது. அங்கேதான் பலர் நம்பிக்கை இழந்துவிடுகிறார்கள். தொடர்ந்து அடித்தால் முதலில் திருகாணியின் ஓரத்தில் புஸ் என்று ஒரு சத்தம் வரும். அதன் பின்னே சோப்பு நுரைபோல வெளுத்த டீசல் பொங்கும். நுரையில் பெரிய குமிழிகள் வருவது நல்லதுதான், பெருங்காற்று வெளியேறுகிறது. சற்று நேரத்தில் குமிழிகள் கடுகளவாகச் சிறுத்து, பிறகு விட்டுவிட்டு வந்து, கடைசியில் கண்ணாடிபோன்ற தெளிந்த டீசல் இடையறாமல் வழியும். தெளிந்தவுடன் நிறுத்திவிடாதீர்கள், இன்னும் பத்து அடி அடியுங்கள். குழாயின் வளைவில் தங்கியிருந்த ஒரு குமிழி கடைசியாக வந்து சேரும். குமிழைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும்போதே, டீசல் வழிந்துகொண்டிருக்கும்போதே, திருகாணியை இறுக்க வேண்டும். குமிழை மேலே இழுக்கும்போது இறுக்கினால் அந்த இடைவெளியில் காற்று மறுபடியும் உள்ளே போய்விடும்.

அடுத்து அதே வேலையைப் பெரிய பம்பில் செய்யுங்கள். இதன் வயிற்றுப்பக்கத்தில், டீசல் தங்கும் நீளமான அறையோடு சேர்ந்தாற்போல் ஒன்றோ இரண்டோ காற்றுத் திருகாணிகள் இருக்கும். இங்கே வரும் காற்று குறைவாகத்தான் இருக்கும், ஆனால் பிடிவாதமானது. இந்த அறையின் ஒரு கோடியில், மிகுதி டீசல் டேங்குக்குத் திரும்பும் இடத்தில் ஸ்பிரிங் வைத்த ஒரு வால்வு உண்டு. காற்றெல்லாம் போய் அறை நிரம்பியதும் அந்த வால்வு திறந்துகொள்ளும். அப்போது கைப்பம்பு கனமாகி, உள்ளே கீச்கீச்சென்று மெல்லிய சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் தாழ்ந்த அழுத்தப் பாதை நிரம்பிவிட்டது என்று தைரியமாகச் சொல்லலாம். கைப்பம்பின் குமிழை வலப்பக்கம் திருகிக் கெட்டியாகப் பூட்டுங்கள். பூட்டாமல் விட்ட குமிழே பிறகு காற்று நுழையும் வழியாகிவிடும்.

பெரும்பாலும் இந்த நிலையிலேயே எஞ்சின் பிடித்துவிடும். பிடிக்காவிட்டால் நாசில் பக்கத்துக் குழாய்களில் காற்று நிற்கிறது. ஒன்றாம், மூன்றாம் நாசில்களின் நட்டை 17-ஆம் நம்பர் ஸ்பானரால் முக்கால் சுற்றுத் தளர்த்துங்கள்; சில வண்டிகளில் 19 தேவைப்படும். ஒருவர் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கட்டும். ஒரு தடவைக்கு 15 விநாடிக்கு மேல் அடிக்கக் கூடாது. ஒரு நிமிடம் செல்ஃப் மோட்டாரை ஆறவிட வேண்டும். நட்டின் அடியிலிருந்து முதலில் நுரையும், பிறகு துடித்துத் துடித்துச் சொட்டும் டீசலும் வரும். அப்போது இறுக்கிவிட்டு மற்ற இரண்டையும் அதேபோலச் செய்யுங்கள். எஞ்சின் ஒன்றிரண்டு சிலிண்டரில் தட்டுத்தடுமாறி ஓடத் தொடங்கி, கடைசி நட்டை இறுக்கும்போது சீராகிவிடும். இந்த வேலையின்போது நாசிலுக்கு நேராக முகத்தை வைக்கக் கூடாது, கையால் கசிவைத் தடவிப் பார்க்கவும் கூடாது. சூடான எக்ஸாஸ்ட் மேல் டீசல் விழாமல் துணியால் மறையுங்கள். பீடி சிகரெட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் சாலையோரக் கடை டீசலில் சில நேரம் பெட்ரோல் கலந்திருப்பதால் சொல்லி வைக்கிறேன்.

இதற்கிடையில் எக்ஸாஸ்ட் குழாயைப் பார்க்கச் சொல்லி ஒரு பையனை நிறுத்துங்கள். செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று பொருள். கம்ப்ரெஷன், சூடு, டைமிங் பக்கம் பார்க்க வேண்டும். புகையே இல்லை என்றால் டீசல் இன்னும் சிலிண்டருக்குப் போய்ச் சேரவில்லை. பிடிக்காத வண்டியை மற்றொரு லாரியில் கட்டி இழுத்து எழுப்புவதையும், காற்று இழுக்கும் வாயில் ஈதர் ஸ்பிரே அடிப்பதையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும்போது ஈதர் போனால் அது எந்த நேரத்தில் வெடிக்கும் என்பது யார் கையிலும் இல்லை.

இப்போது முக்கியமான பகுதிக்கு வருகிறேன். காற்று எங்கே நுழைகிறது?

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி, பில்டரை மாற்றிய பிறகு என்பதுதான். பில்டரைக் கழற்றும்போது பழைய ரப்பர் வளையம் சில நேரம் பில்டரோடு வராமல் தலையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அது கருப்பாக, மெலிந்து, தலையின் பள்ளத்தோடு பள்ளமாகத் தெரியும். அதன் மேலேயே புதுப் பில்டரை அதன் புது வளையத்தோடு முறுக்கிவிட்டால் இரண்டு வளையங்களும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, எங்கேயோ ஒரு முடியளவு இடைவெளி விட்டுவிடும். எஞ்சின் ஓடும்போது அது தள்ளும் பாதி என்பதால் லேசாக வியர்க்கும். இரவில் எஞ்சின் நின்றதும் அந்த இடைவெளி வழியே காற்று உள்ளே வந்து, பில்டரில் நிற்கும் டீசல் மெல்ல மெல்ல டேங்குக்கு இறங்கிவிடும். உங்கள் காலைத் தொல்லைக்கு இது பொருந்துகிறது. ஆகையால் முதலில் பில்டரைக் கழற்றித் தலையை விரலால் தடவிப் பாருங்கள். மறுபடி மாட்டும்போது வளையத்தில் டீசல் தடவி, வளையம் தலையைத் தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று இறுக்கினால் போதும். பில்டரை நிரப்பி மாட்டுவதென்றால் ஓரத்துச் சிறு துளைகள் வழியே மட்டும் டீசல் ஊற்றுங்கள். நடுத்துளை வடிகட்டிய பிறகு டீசல் வெளியே போகும் வழி, அதில் ஊற்றியது வடிகட்டப்படாமல் நேராகப் பம்புக்குப் போய்விடும்.

ஆனால் சுமையோடு ஓடும்போது பத்து நிமிடத்தில் திணறுவதற்கு இது மட்டும் போதாது. அதற்கு உறிஞ்சும் பாதியில்தான் காரணம் இருக்க வேண்டும். இங்கே செம்பு வாஷர்களைச் சந்தேகிக்கிறேன், சொந்த அனுபவத்தால். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைக்காலத்தில், இரங்கூனிலிருந்து மோல்மேனுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் வழியில் சித்தாங் பாலத்தைத் தாண்டியதும் என் வண்டி திணறத் தொடங்கியது. பீலினுக்கும் தட்டோனுக்கும் நடுவில் மட்டும் நான்கு முறை இறங்கிக் காற்றெடுத்தேன். ஒவ்வொரு முறையும் நுரை வந்தது, தெளிந்தது, வண்டி கிளம்பியது, சில மைல்களில் நின்றது. விடிந்த பிறகு வெளிச்சத்தில் ஃபீட் பம்பில் குழாயைப் பூட்டும், உள்ளே துளையுள்ள பேன்ஜோ போல்ட்டைக் கழற்றி, அதன் செம்பு வாஷரைக் கையில் வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வட்டமான தடம் விழுந்து, அந்தத் தடத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு ஒரு மெல்லிய கோடு. முந்தின வாரம் அதைக் கழற்றித் திருப்பிப் போட்டவன் நானேதான். அந்தக் கோட்டின் வழியேதான் தட்டோன் வரை காற்றைக் குடித்துக்கொண்டு வந்திருக்கிறது வண்டி.

ஒருமுறை நசுங்கிய செம்பு கெட்டியாகிவிடும். திரும்ப நசுங்காது, ஆகையால் அடைக்காது. கழற்றினால் புது வாஷர் போடுவதே முறை. ஊரில் கிடைக்காவிட்டால் பழைய வாஷரை மங்கிய சிவப்பாகும்வரை நெருப்பில் காய்ச்சி, தண்ணீரில் போட்டு எடுத்து, நுண்ணிய எமரித் தாளில் கருக்கைத் தேய்த்துவிட்டுப் போடலாம். செம்பு மறுபடியும் இளகிவிடும். ஆனால் ஆழமான கோடு விழுந்ததைக் காய்ச்சிப் பயனில்லை. டெஃப்லான் டேப்பையும் சிலிகான் பசையையும் தயவுசெய்து டீசல் பாதையில் பயன்படுத்தாதீர்கள். அவற்றின் துணுக்குகள் பிய்ந்து போய் வால்வின் கீழே உட்கார்ந்துகொள்ளும்.

அந்தப் பேன்ஜோ போல்ட்டைக் கழற்றும்போது இன்னொன்றையும் பாருங்கள். ஃபீட் பம்புக்கு டீசல் நுழையும் இடத்தில், பல ஜப்பானியப் பம்புகளில், விரல் நுனி அளவில் ஒரு சிறு வலைச் சல்லடை ஒளிந்திருக்கும். பெரிய பில்டரைத் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட இப்படி ஒன்று இருப்பதை அறிவதில்லை. டேங்க் அடிவரை வற்றிய அன்று, அடியில் தங்கியிருந்த துருவும் சேறும் முழுவதும் இங்கே வந்து சேர்ந்திருக்கும். சல்லடை அடைத்தால் ஃபீட் பம்பு இன்னும் கடுமையாக உறிஞ்சும். அப்படி உறிஞ்சும்போது, சாதாரணமாகக் காற்று புகாத தளர்ந்த இணைப்பும் காற்றை விடத் தொடங்கும். சுமையில் மட்டும் திணறுவதற்கு இது மிகப் பொருத்தமான காரணம்.

கண்ணால் தேடிக் கிடைக்காவிட்டால் இரண்டு சோதனைகள் இருக்கின்றன. முதலாவது, ஃபீட் பம்புக்குள் நுழையும் ஹோஸுக்குப் பதிலாகக் கையளவு நீளத்தில் தெளிவான பிளாஸ்டிக் குழாயைப் பூட்டி எஞ்சினை ஓட்டுவது. ஓடத் தொடங்கிய சில நிமிடங்களுக்கு ஒன்றிரண்டு குமிழிகள் போவது இயல்பு. அதன் பிறகும் மணி கோத்ததுபோலக் குமிழிகள் விடாமல் போய்க்கொண்டிருந்தால், காற்று அந்தக் குழாய்க்கும் டேங்குக்கும் நடுவில் நுழைகிறது. குழாயில் குமிழி தெரியாவிட்டால் அதை ஃபீட் பம்புக்கு அப்பால், பில்டருக்கு முன்னால் மாற்றிப் பூட்டுங்கள்; அங்கே குமிழி தெரிந்தால் ஃபீட் பம்போ அதன் கைப்பம்போதான் காற்றை விடுகிறது. இந்தக் குழாய் சோதனைக்கு மட்டுமே. அதையே நிரந்தரமாக விட்டுவைத்தால் டீசலில் ஊறி, சில மாதங்களில் கண்ணாடிபோல விறைத்து வெடித்துவிடும்.

இரண்டாவது சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு சுத்தமான டின்னில் ஐந்து லிட்டர் டீசலை எடுத்து, ஃபீட் பம்பைவிட உயரமான இடத்தில் கெட்டியாகக் கட்டி, அதிலிருந்து ஒரு புதிய ஹோஸை நேராக ஃபீட் பம்புக்குக் கொடுங்கள். திரும்பும் குழாய் டேங்குக்கே போகட்டும். ஆகையால் டின் விரைவில் வற்றும், மறுபடி வற்றவிட்டுவிடாதீர்கள். காற்றை ஒருமுறை எடுத்துவிட்டு எஞ்சினை நன்றாக ஓட்டிப் பாருங்கள். டின்னில் ஒழுங்காக ஓடி, டேங்கில் திணறினால், குற்றம் டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில். இந்த ஒரு சோதனை பம்பின் மேல் விழுந்த பழியைக் கால் மணி நேரத்தில் நீக்கிவிடும்.

கருவி எதுவும் இல்லாமல் செய்யக்கூடிய சோதனையும் ஒன்று உண்டு. இரவில் டேங்க் எஞ்சினைவிட உயரமாக இருக்கும்படி, முகப்பு இறக்கத்தைப் பார்க்க வண்டியைச் சரிவில் நிறுத்துங்கள், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து. மறுநாள் காலை கைப்பம்பு இல்லாமலே எஞ்சின் பிடித்தால், டீசல் டேங்குக்கு இறங்கிப் போவதுதான் உங்கள் காலைத் தொல்லை என்பது உறுதியாகிவிடும். அப்படி நிற்கும்போது இதுவரை ஒழுகாத இணைப்பு ஒழுகினால் இன்னும் நல்லது. கீழே விரித்த அட்டையில் சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே பாருங்கள்.

டேங்கையும் மறக்க வேண்டாம். மூடியில் காற்று நுழையும் சிறு துளை சேற்றால் அடைபட்டால், டீசல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி எஞ்சின் பட்டினி கிடக்கும். நின்றவுடன் மூடியைத் திறந்தால் காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்கும். டேங்க் நிறைந்திருக்கும்போது நன்றாக ஓடி, பாதிக்குக் கீழே இறங்கியதும் திணறுகிற வண்டியில் உறிஞ்சு குழாய் நடுவில் வெடித்திருக்கும். பழைய ரப்பர் ஹோஸ்கள் கிளிப்பின் கீழேதான் முதலில் வெடிக்கும். கிளிப்பைத் தளர்த்தி, ஹோஸை வளைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

நம் ஊரில் வைகாசி தொடங்கி ஐப்பசி வரை பெய்யும் மழையில், திறந்த பீப்பாயிலிருந்தும் பாட்டிலிலிருந்தும் விற்கும் டீசலில் தண்ணீர் சேர்வது சாதாரணம். காற்றெடுக்கத் தொடங்குவதற்கு முன் தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தின் அடித்திருகாணியைத் திறந்து, ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் கனம் அதிகம் என்பதால் அடியில் தனியாக நிற்கும். ஆனால் அந்தத் திருகாணியும் அதன் வளையமும்கூட உறிஞ்சும் பாதியில்தான் இருக்கின்றன. வடித்த பிறகு சரியாக அடைக்காவிட்டால் அதுவே புதிய ஓட்டை.

மற்ற வண்டி வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சிலவற்றைச் சேர்த்துச் சொல்கிறேன். உங்கள் கேன்டரில் இருப்பது வரிசைப் பம்பு. 1927-இல் பாஷ் கம்பெனி தொடர்ச்சியாகத் தயாரிக்கத் தொடங்கிய வடிவத்தின் வழிவந்தது. ஜப்பான் வண்டிகளில் டீசல் கிக்கி என்றோ, 1990-இல் அந்தக் கம்பெனி பெயர் மாற்றிக்கொண்ட பிறகு செக்ஸெல் என்றோ பொறித்திருக்கும். இதன் கேம் எஞ்சின் ஆயிலில் ஓடுவதால் சற்று நேரம் டீசல் இல்லாமல் சுற்றினாலும் தாங்கும். டொயோட்டா 2எல், நிசான் டிடி27 போன்ற எஞ்சின்களில் வரும் உருண்டைப் பம்புக்கு டீசலே எண்ணெய். வறண்டு சுற்றினால் தேய்ந்துவிடும், ஆகவே செல்ஃப் அடித்தே காற்றை எடுத்துவிடலாம் என்று முயல வேண்டாம். அவற்றில் கைப்பம்பு பில்டர் தலையிலேயே ரப்பர் குமிழாக இருக்கும். கீயை ஆன் செய்து, டீசலை அடைக்கும் சொலினாய்டு டிக் என்று திறக்கும் சத்தம் கேட்கிறதா பாருங்கள். டீசல் திரும்பும் போல்ட்டில் அவுட் என்று பொறித்து, உள்ளே ஊசித்துளை ஒன்று இருக்கும்; அதையும் டீசல் நுழையும் போல்ட்டையும் இடம் மாற்றிப் பூட்டிவிட்டால் எத்தனை நாள் காற்றெடுத்தாலும் வண்டி ஓடாது.

ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் பூட்டிய தொலாஜி வண்டி ஓட்டுபவர்களுக்கு வேலை எளிது. எஸ்195 போன்ற சீன ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்களில் டேங்க் மேலேயே இருப்பதால் டீசல் தானாக இறங்கும். பம்புக்குள் நுழையும் இணைப்பைத் தளர்த்திக் குமிழி நிற்கும்வரை விட்டுவிட்டு, நாசில் குழாயின் நட்டைத் தளர்த்தி எஞ்சினைக் கையால் சுற்றினால் முடிந்தது.

2000-க்குப் பிறகு வந்த காமன் ரயில் வண்டிகளில், அதாவது எல்லா நாசில்களுக்கும் ஒரே பொதுக்குழாயிலிருந்து டீசல் போகும் வண்டிகளில் மட்டும், நான் மேலே சொன்ன நாசில் நட்டைத் தளர்த்தும் வேலையைச் செய்யவே கூடாது. ஓடும் எஞ்சினின் குழாயில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரம் கிலோவையும் தாண்டிவிடக்கூடும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்; வெளியே எறும்பு கடித்ததுபோல ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட உடனே இருக்காது, ஆனால் உள்ளே சதை அழுகத் தொடங்கிவிடும். அப்படி நேர்ந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த வண்டிகளில் பில்டர்மேல் உள்ள குமிழை அடித்தோ, மின்பம்பு இருந்தால் கீயைப் பலமுறை ஆன் செய்தோ நிரப்பிவிட்டு, செல்ஃப் அடித்தாலே மீதிக் காற்று போய்விடும்.

தம்பி, நாளைக் காலையில் பில்டர் தலையையும் பேன்ஜோ வாஷர்களையும் சல்லடையையும் பாருங்கள். அதிலேயே தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். தீராவிட்டால் டின் சோதனையைச் செய்யுங்கள். டின்னிலும் திணறினால் அப்போதும் முதலில் கழற்ற வேண்டியது பெரிய பம்பு இல்லை, ஃபீட் பம்பு. அதன் இரண்டு வால்வுகளையும் ஸ்பிரிங்குகளையும் எடுத்து டீசலில் கழுவி, வால்வு உட்காரும் இடத்தில் துணுக்கு ஏதும் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு திரும்பும் குழாயின் வால்வு ஸ்பிரிங்கைப் பாருங்கள். அது தளர்ந்திருந்தால் பம்பின் அறையில் அழுத்தம் நிற்காது. இவையெல்லாம் சரியாக இருந்து, தெளிவான குழாயில் ஒரு குமிழிகூடத் தெரியாமல், டின்னிலும் வண்டி சுமையை இழுக்கவில்லை என்றால், அப்போது பம்பைக் கழற்றி இரங்கூனுக்கு அனுப்புங்கள்; அனுப்பும்போது எல்லாக் குழாய் வாய்களையும் சுத்தமான பிளாஸ்டிக் மூடியால் அடைத்து, டைமிங் குறியைப் பம்பிலும் எஞ்சினிலும் ஆணியால் கீறி வைத்துக்கொள்ளுங்கள்.